ஆள் மாற்றிச் சாப்பிடும் தெரு

பம்பாய்க்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ அம்பாசமுத்திரத்தைத் தாண்டினாலே யாராவது ஒரு முத்திரை குத்தித் தந்தால் தேவலை என்று இருக்கும். காணாமல் போனால் எந்த ஊர்க்காரன் என்றாவது தெரியும் அல்லவா.

நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஊரில் எனக்குத் தைரியசாலி என்று பெயர். அது உண்மையல்ல என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் குடும்ப மானம் கருதி வெளியே சொல்வதில்லை. அந்தப் பெயர்தான் என்னை மாட்டிவிட்டது.

அக்கா மகன் செல்வராசு தாராவியில் ஒரு தோல் பட்டறையில் சாயம் ஏற்றும் வேலையில் இருந்தான். அந்த நாட்களில் பம்பாயில் மதராஸிகள் எல்லாம் ஊரைப் பார்த்துப் போகட்டும் என்று ஒரே கூச்சல். ஓட்டல் கண்ணாடிகள் உடைந்த செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, அங்கிருந்து லீவில் வந்த ஒருவர் அக்காவிடம் சொல்லிவிட்டார்: "ஒம் மவன் மராட்டிக்காரப் பயலுவளோட சேந்துக்கிட்டு குழு கிழுன்னு சுத்துதான்." அக்கா என் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏல, நீ போயி அவனக் கையக் கால கட்டியாவது கூட்டிட்டு வந்துரு. அங்க அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா இருக்க மாட்டேன்."

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். தைரியசாலியால் வேறு என்ன சொல்ல முடியும்.

தாதர் ஸ்டேஷனில் செல்வராசு காத்திருந்தான். பக்கத்தில் நெட்டையாக, அரும்பு மீசையோடு ஒருவன். "இவன் விட்டல், மாமா. மில்லுல வேல பாக்கான். நம்ம பக்கத்துத் தெரு" என்றான் செல்வராசு. விட்டல் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே என் பையைத் தூக்கினான். விடுவேனா? ஒரு காதை அவன் பிடிக்க, மறு காதை நான் பிடிக்க, அரைமூட்டை நெல்லைச் சுமக்கிறவர்களைப் போல ஸ்டேஷன் படி முழுக்க ஏறி இறங்கினோம். உள்ளே இருந்தது இரண்டு வேட்டியும் அக்கா கொடுத்தனுப்பிய அதிரசமும்தான். ஆனால் அது அவனுக்குத் தெரியாதே.

இரட்டைமாடி பஸ்ஸில் மேல்மாடிக்குப் போகலாம் என்றார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவனை மேலே ஏற்றிவிட்டால் அவன் ஓடித் தப்ப முடியாது. கீழேயே, கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர் என்னை உள்ளே தள்ளித் தள்ளி விட்டார். நான் திரும்பத் திரும்ப வாசலுக்கு வந்தேன். கடைசியில் அவர் ஏதோ சொன்னார். அர்த்தம் கேட்டதற்கு செல்வராசு, "பெரியவருக்கு வண்டியிலேருந்து குதிக்கணும்னு நேர்த்திக்கடனான்னு கேக்காரு" என்றான்.

தாராவி வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொன்னது. தோல் ஊறுகிற நாற்றம். செல்வராசு அதற்குள்ளேயே வாழ்பவன், ஒன்றும் நடக்காதது போல நடந்தான். ஆனால் சந்துக்குள் திரும்பியதும் "ஏ, தண்ணி வந்துட்டு, குடத்த எடுட்டி" என்று ஒரு குரல். ஆயிரம் மைல் வந்த பிறகு தாமிரபரணிக் கரைப் பேச்சு. கண் கலங்கிற்று. நாற்றமாகவும் இருக்கலாம்.

செல்வராசு குடியிருந்தது பேச்சியம்மா வீட்டின் முன்னறையில். பேச்சியம்மா விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் கொண்டுபோய் விற்கிற ஆள். சாயங்காலம் வீட்டில் குழம்பு மணத்தது. அப்போதுதான் செல்வராசு சட்டையை மாட்டிக்கொண்டு, "மாமா, இன்னைக்கு எனக்கு அந்தத் தெருவுல சாப்பாடு. நீங்க இங்க சாப்புட்டுட்டுப் படுங்க. நான் நேரே ராத்திரி வேலைக்குப் போயிருவேன். காலையிலயும் அங்கதான். நாளைக்கு மத்தியானம் பாப்போம்" என்று கிளம்பிவிட்டான்.

ஆயிரம் மைல் தாண்டி மாமன் வந்திருக்கிறான், மருமகன் வேறு தெருவில் சாப்பிடுகிறானாம். எனக்குச் சந்தேகம் தட்டிற்று.

கொஞ்ச நேரத்தில் விட்டல் வந்தான். கையில் ஒரு தகர டப்பா. அதில் செங்காவி குழைத்திருந்தது. எங்கள் வாசற்கதவில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டான். சற்றுத் தள்ளி நின்று வட்டம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டான். பிறகு உள்ளே வந்து செல்வராசு உட்காரும் பலகையில் உட்கார்ந்து, செல்வராசின் தட்டில் சாப்பிட ஆரம்பித்தான்.

நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவள் சாதாரணமாக, "செல்வராசுக்குப் பதிலா இவம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பதிலா என்றால் என்ன, வட்டம் எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் பயந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்துகொள்வதைவிடச் சந்தேகப்படுவது அவனுக்குச் சௌகரியம்.

விட்டல் சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்து, "கொழம்பு காரமா இருக்கு, என்ன மாமா? நீங்க ஒழுங்கா சாப்புடுதியளா?" என்றான். நாக்கு கொஞ்சம் வளைந்ததே தவிர, சுத்தமான திருநெல்வேலித் தமிழ். மராட்டிக்காரனுக்கு எங்கள் பேச்சு எப்படி வரும்? யாரோ பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு இரண்டாம் முறையும் இறங்கிற்று. பிறகு அங்கேயே பாயை விரித்துப் படுத்தும்விட்டான். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த குடையை அவன் பக்கம் நீட்டிப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவனைக் காணோம். வட்டம் மட்டும் கதவில் இருந்தது. தெருவில் மற்றக் கதவுகளை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று சொல்வது பெருமைக்கு. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன் என்பதுதான் உண்மை.

செம்பூரில் என் சித்தப்பா மகன் சுடலைமுத்து அரிசிக்கடை வைத்திருந்தான். அவனைப் பார்த்து யோசனை கேட்பது என்று முடிவு. போகிற வழியில் மாட்டுங்காவில் ஒரு காப்பி. மாட்டுங்கா வேறு தேசம். பூக்கடை, வெற்றிலைக் கடை, வாழையிலைக் கட்டு, டம்ளரும் டபராவும் மோதுகிற சத்தம். காப்பியின் முதல் வாயிலேயே பாதி தைரியம் திரும்பிற்று. மீதிப் பாதிக்கு ஒரு காது தேவைப்பட்டது. எதிரே ஆபீஸுக்குக் கிளம்பிய ஒருவர், விபூதியும் தோல்பையுமாக, இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் புதுசோ?" என்றார்.

"தாராவியிலேருந்து வாறேன் சார். அங்க வீட்டுக் கதவுல எல்லாம் செவப்பு மையால வட்டம் போடுதானுவ."

அவர் இட்லியை விட்டுவிட்டார். "யாரு?"

"அவங்க ஆளுவதான்."

"எத்தனை வீடு இருக்கும்?"

பார்த்தது ஒரு வீடு. ஆனால் ஒரு வீடு என்று சொன்னால் அவர் மறுபடி இட்லிக்குப் போய்விடுவார் போலிருந்தது. "ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும் சார்" என்றேன். அவர் சர்வரைக் கூப்பிட்டு, "இவருக்கு இன்னொரு காப்பி குடுப்பா" என்றார். இரண்டாவது காப்பிக்கு நன்றியாக, தடியோடு சிலபேர் நின்றதாகவும் சேர்த்துக்கொண்டேன். நான் செம்பூர் போவதைச் சொல்லி விடைபெற்றபோது அவர் எழுந்து நின்று கையைப் பிடித்தார். என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக அனுப்பி வைத்ததில்லை.

செம்பூருக்கு, குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். நான் ஏறினது வேறு வண்டி. குர்லா வந்தது. எனக்குக் குர்லா தெரிந்தது, குர்லாவுக்கு என்னைத் தெரியவில்லை. வண்டி நிற்காமல் பறந்தது. ஃபாஸ்ட், ஸ்லோ என்று இரண்டு ஜாதி வண்டி உண்டென்று யாரும் சொல்லவில்லை. என்னைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று முடிவு கட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்கய்யா, நான் செம்பூர்" என்றேன். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "வண்டி உன் மாமனார் வீட்டு மாட்டுவண்டியா, சொன்ன இடத்தில் நிற்க? உட்கார். தாணா வரும், இறங்கித் திரும்பி வா."

தாணாவில் இறங்கித் திரும்பி வந்தேன். திரும்புகிற வண்டியில் கூட்டம். முதுகுக்குப் பின்னால் தமிழ்க்குரல்கள்.

"தாராவி விஷயம் கேட்டேளா? நாப்பது வீட்டுக்கு அடையாளம் போட்டாச்சாம். இன்னிக்கு ராத்திரி கொளுத்தப்போறாளாம்."

"யாரு சொன்னா?"

"கண்ணால பாத்தவரே சொல்லியிருக்கார்."

நாற்பது வீடு. நான் பார்த்தது ஒன்று. ஆக, இந்த விவகாரம் எனக்குத் தெரிந்ததைவிடப் பயங்கரமானது. கண்ணால் பார்த்தவர் யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறாரே, அவரையாவது பிடித்து விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தப் புண்ணியவான் நான்தான் என்பது குர்லாவில் இறங்கி, வண்டி மாறி, செம்பூரில் படி இறங்குகிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோதும், 'என் பதினைந்தோடு வேறு யாரோ இருபத்தைந்தைப் பார்த்திருக்கலாமே' என்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன்.

சுடலைமுத்து கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பட்டப்பகல். உள்ளே மூட்டைகளுக்கு நடுவே நாலைந்து பேர், எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். ஆளுக்கொரு இரும்புக் கம்பி. என் பேச்சு ஸ்லோ வண்டியைப் பிடித்து எனக்கு முன்னாலேயே செம்பூருக்கு வந்துவிட்டிருந்தது.

"வாங்கண்ணே. செல்வராசு எங்க? உசுரோட இருக்கானா?" என்றான் சுடலைமுத்து.

"ராத்திரியே போனவன். நான் இன்னும் பாக்கல."

"அவனையும் தூக்கிட்டானுவளா?" அவன் மற்றவர்களைப் பார்த்தான். "பொழுது சாய முன்னால போயிருவோம். நாம அங்க போயி நின்னாத்தான் பயப்படுவானுவ. நீங்க கண்ணால பாத்தியளாண்ணே, வட்டத்த?"

"பாத்தேன்" என்றேன். பார்த்ததென்னவோ உண்மைதானே.

அந்தச் சமயத்தில் ஷட்டருக்கு அடியில் குனிந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முதலில் செல்வராசு. பின்னால் விட்டல். இருவருக்கும் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

செல்வராசு கம்பிகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மாமா, தடியோட வெளியாளுவ கொளுத்த வாறானுவன்னு நம்ம தெருவுல பாதிப்பேரு மூட்டை கட்டுதாவ. யாரு சொன்னா, அவருக்கு யாரு சொன்னான்னு ஒவ்வொருத்தரா கேட்டுட்டே வாறோம். பேச்சி அத்தைக்குப் பூக்காரர் சொன்னாரு. பூக்காரருக்கு மாட்டுங்கா ஓட்டல் சர்வர். சர்வர் சொன்னாரு, குடையும் பையுமா ஒரு ஊர்க்காரரு, ரெண்டு காப்பி குடிச்சாரு, செம்பூருக்குப் போறேன்னு சொன்னாருன்னு."

கடையில் எல்லோரும் என் குடையைப் பார்த்தார்கள்.

"வட்டம் எதுக்குன்னு பேச்சி அத்தைட்ட கேட்டியளா?"

"கேக்கல."

"இவங்கிட்ட?"

"அவன் சாப்பிட்டுட்டு இருந்தான்."

அதன் பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஊரில் கூச்சல் ஆரம்பித்த புதிதில் இரண்டு தெருவுக்கும் நடுவே ஒருநாள் கல் பறந்திருக்கிறது. எங்கள் பிள்ளை ஒன்றுக்கு மண்டை உடைந்தது, அவர்கள் பிள்ளை ஒன்றுக்குப் பல் போயிற்று. பெரியவர்கள் பேசிப் பார்த்துச் சலித்த பிறகு, இரண்டு தெரு வாலிபர்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஊரில் கெட்ட செய்தி வருகிற அன்றைக்கெல்லாம் ஆள் மாற்றிச் சாப்பிடுவது. இந்தத் தெருப் பிள்ளைகள் அந்தத் தெருவில், அந்தத் தெருப் பிள்ளைகள் இந்தத் தெருவில். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியத்தான் கதவில் வட்டம்.

"அந்தத் தெருக்காரன் ஒருத்தன் கல்ல எடுத்தான்னு வைங்க," என்றான் செல்வராசு, "அவன் அம்மயே கையப் பிடிச்சிருவா. எம் பிள்ள அங்க சாப்புட்டுட்டு இருக்கான்லேம்பா. இன்னைக்கும் நம்ம வீட்டுல சாப்புட வேண்டியவன் இவன்தான். நீங்க கம்பியோட அங்க வந்து நின்னா மொதல்ல அடிபடுறது இவனும், அந்தத் தெருவுல உக்காந்திருக்க நானும்தான்."

தப்பு என்னுடையது, வதந்தி என்னுடையது என்று நான் சொன்னேன். சுடலைமுத்து நம்பவில்லை.

"இவ்வளவு நேரம் பாத்தேன்னாரு. இவன் வந்ததும் பேச்ச மாத்துதாரு. அண்ணன் மூஞ்சியப் பாருங்கல, வேத்து ஊத்துது. என்னமோ சொல்லி மெரட்டி வச்சிருக்கானுவ."

ஒருவன் மெதுவாக நகர்ந்து விட்டலுக்கும் ஷட்டருக்கும் நடுவில் போய் நின்றான். விட்டல் அதைக் கவனித்தான். நகரவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான், அது நான் எப்படிப் பயப்படுவேன் என்பது. அதைச் செய்துகாட்டினேன்.

பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு படியேறியதைச் செய்துகாட்டினேன். பஸ் வாசலில் தொங்கியதை, கண்டக்டர் நேர்த்திக்கடன் கேட்டதை. ஒரு மூட்டையைப் பாயில் படுத்த விட்டலாக்கி, அதன் பக்கம் குடையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூட்டை புரண்டு படுத்தபோது நான் எழுந்து நின்று சாமி கும்பிட்டேன். பிறகு தாணாவுக்குப் போனேன், மீன்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதலில் சிரித்தது விட்டல். "நா ராத்திரி முழிச்சுத்தான் இருந்தேன் மாமா. கொடையால குத்திருவாரோன்னு எனக்குப் பயம்" என்றான். வாசலை மறித்து நின்றவன் பக்கென்று சிரித்துவிட்டான்.

சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே. நீங்க கண்ணால கண்டது எத்தன வட்டம்?"

"ஒண்ணு."

"மத்த முப்பத்தொம்பது?"

"முதல் பதினாலு என்னோடது. மாட்டுங்காவுல காப்பி நல்லா இருந்துச்சு. அதுக்கு மேல உள்ளது யாரு காப்பியோ தெரியாது."

அவன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தான். அது ஷட்டரைத் தூக்குகிற கொக்கிக் கம்பி. வாசலுக்குப் போய் அதை மாட்டி ஷட்டரை முழுக்க மேலே தள்ளினான். வெயில் உள்ளே வந்தது. வெளியே ஒரு சிந்திக்காரம்மா பையோடு காத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதற்கு அர்த்தம், "இன்றைக்குக் கடை உண்டா இல்லையா?" சுடலைமுத்து படியை எடுத்து அரிசி அளக்கப் போனான்.

வேலை அத்தோடு முடியவில்லை. பையன்களிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. முதலில் சொன்னவன், பேச்சு போன வழியே திரும்பி நடந்து, கேட்டவர்களிடமெல்லாம் தன் வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர் கூட வருவார்கள். மாப்பிள்ளை அழைப்பைப் போல இரண்டு பக்கமும் ஆள் வைத்து என்னை நடத்திக்கொண்டு போனார்கள். ஓட்டல் சர்வர், "அப்ப அந்த ரெண்டாவது காப்பி?" என்றார். ஆபீஸ்காரர் சாயங்காலக் காப்பிக்கு வந்திருந்தார். "அடடா, நான் ஆபீஸ்ல முப்பதுன்னுன்னா சொல்லிட்டேன்" என்று தவித்தார். அவரையும் மறுநாள் ஆபீஸில் மேஜை மேஜையாக நடக்கச் சொல்லிவிட்டு வந்தோம். பூக்காரர் என்னைப் பார்த்தபடியே ஒரு முழம் பூவை இரண்டு தடவை அளந்தார். பேச்சியம்மா அரைகுறையாகக் கட்டின மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா இருந்துது?" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தெருவில் சாப்பிட வேண்டியவர்களில் என்னையும் சேர்த்தார்கள். விட்டல் வீட்டில். அவன் அம்மா தணலில் சுட்ட பாக்ரி ரொட்டியையும் கருவாட்டுச் சட்னியையும் வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் முதலில் மோந்து பார்த்தேன். அவள் மகனிடம் ஏதோ சொன்னாள். "இந்த மாமா கல்லெறியற ஆளு மாதிரி இல்ல. எறிஞ்சாலும் மேல படாதுன்னு சொல்லுதா" என்றான், எங்கள் தெருவில் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்த விட்டல். பாக்ரி நன்றாக இருந்தது. சட்னி என் அக்கா கையைவிட நன்றாக இருந்தது. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு வரும்போது செல்வராசிடம் வந்த காரியத்தைக் கேட்டேன். "வாறியா, ஊருக்கு?"

"நான் வந்துட்டா அடுத்த தடவ அந்த வீட்டுல யாரு மாமா சாப்புடுவா?" என்றான்.

தனியாகத் திரும்பினேன். அக்காவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கம்பியைப் பற்றிச் சொன்னபோது அவள் முகம் மாறிற்று. செல்வராசு ஷட்டருக்கு அடியில் முதலில் குனிந்து வந்ததைச் சொன்னபோது இன்னொரு விதமாக மாறிற்று. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் கடையில் ஒருவர் டயருக்குக் காற்றடித்தபடியே கேட்டார்: "பம்பாயில நூறு பேரு கத்தி கம்போட வந்தானுவளாம். ஒம்ம மருமவன் ஒத்தையில நின்னு தெரத்தி விட்டானாமே. மெய்யாவே?"

எனக்கு யோசனையாகிவிட்டது. இது நல்ல பேச்சு. யாருக்கும் இதனால் மண்டை உடையாது. அதைவிட, அக்கா இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவரை அவனைக் கூப்பிட மாட்டாள். நூறை நான் நாலைந்தாக்கினால் பெருமை போய்ப் பயம் திரும்பும். பயம் திரும்பினால் பையனும் திரும்ப வேண்டியதுதான். ஆனாலும் பம்பாய்ப் பையன்களின் சட்டம் என்னை விடவில்லை. எப்போதும் கூட்டிச் சொல்கிறவன், முதல்முறையாகக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நூறு பேரு இல்ல. நாலஞ்சு பேரு. எல்லாம் நம்ம சுடலைமுத்து ஆளுவ. அவன் ஒருத்தரையும் வெரட்டல, நடுவுல வந்து நின்னான், அவ்வளவுதான். ஆனா கம்பி இருந்துது. அது மெய்."

அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நாலஞ்சு பேருன்னாலும் கம்பி கம்பிதானல" என்றாள்.

"ஆமா."

"இன்னமும் நிப்பானா, அப்பிடி?"

"நிப்பான்."

அவள் உளுந்தைக் கையால் அளைந்தாள். கல் ஒன்றை எடுத்து வாசலில் எறிந்தாள்.

"இருக்கட்டும். அங்கேயே இருக்கட்டும்." முறத்தை மறுபடி தூக்கினாள். "நூறு பேருன்னு நா நாலு வீட்டுலதான் சொன்னேன். கெழக்க கடைசி வீட்டுலேருந்து ஆரம்பி. சொல்லிட்டு வா."